பால் பொங்கினால் பானை உடையுமா?

போன இதழில், நம் பால்வீதிக்குப் பக்கத்து ஊரான ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் பற்றி நாலே வரி எழுதினேன். அங்கே வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்கள் வெடிப்பதை எக்ஸ்-கதிர் டெலஸ்கோப்பால் பார்க்கிறார்கள் என்பதுதான் சேதி. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் சாப்பாட்டு மேஜையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். முதலில் குட்டு வைத்தவருக்குப் பதில்.

டீச்சர், “வெள்ளைக் குள்ளன் வெடித்துச் சிதறியது” என்று ஒரு வரி. இரண்டு வரி தள்ளி, “அதே நட்சத்திரம் அடுத்த வருடமும் வெடித்தது” என்று இன்னொரு வரி. சிதறிப்போனது மறுபடி எப்படிச் சிதறும்? கணக்கு இடிக்கிறதே!
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

இடிக்கத்தான் செய்கிறது சார். தப்பு என்னுடையது. ‘சிதறியது’ என்று எழுதியிருக்கவே கூடாது. நோவாவையும் சூப்பர்நோவாவையும் குழப்பிய பிள்ளைகளின் பேப்பரில் முப்பத்தோரு வருடம் சிவப்பு மையால் சுழித்தவள் நான். இப்போது என் பேப்பரை நீங்கள் சுழித்துவிட்டீர்கள்.

சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து, மேல் அடுக்குகளை உதிர்த்த பிறகு மிஞ்சும் உள்கருதான் வெள்ளைக் குள்ளன். எடை கிட்டத்தட்ட சூரியன் எடை, உருவம் நம் பூமி அளவு. அதில் ஒரு டீஸ்பூன் அள்ளினால் டன் கணக்கில் நிற்கும். தனியாக இருந்தால் ஆறிக்கொண்டே கிடக்கும், அதோடு கதை முடிந்தது. ஆனால் ஒட்டி உறவாடும் தூரத்தில் ஒரு ஜோடி நட்சத்திரம் இருந்தால், அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வழிந்து வந்து குள்ளன் மேல் படியும். படியப் படிய அடி அடுக்கு நசுங்கிச் சூடேறும். ஒரு கட்டத்தில் அங்கே அணுக்கரு இணைவு பற்றிக்கொள்ளும்.

சாதாரண நட்சத்திரத்தில் சூடு கூடினால் வாயு விரியும், விரிந்தால் கொஞ்சம் ஆறும். குக்கர் விசில் அடித்து ஆவியை விடுவது போல. வெள்ளைக் குள்ளன் மேல் நசுங்கிக் கிடக்கும் அடுக்குக்கு அந்த விசில் வேலை செய்வதில்லை. சூடு ஏறினாலும் உடனே விரியாது. சூடு இணைவை வேகமாக்கும், இணைவு சூட்டை இன்னும் ஏற்றும். பத்துக் கோடி டிகிரியைத் தாண்டிய பிறகு மேல் அடுக்கு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதுதான் நோவா. பறப்பது மேலே படிந்திருந்த அந்த அடுக்கு. குள்ளன் இருந்த இடத்தில் இருக்கிறது.

பால் பொங்கி வழிந்தால் அடுப்புதான் நாறிப்போகும், பானை உடையாது. அடுத்த நாளும் அதே பானையில் பால் காய்ச்சலாம். ஜோடி நட்சத்திரம் மறுபடி ஹைட்ரஜனை ஊற்றிக்கொண்டுதான் இருக்கும். பானையே வெடித்துத் தூளானால் அது சூப்பர்நோவா, வேறு சங்கதி. அதைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே பாருங்கள்.

நோவா வெடிப்பது சாதாரண டெலஸ்கோப்பிலேயே தெரிகிறது என்று எங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு எக்ஸ்-கதிர்?
— பிளஸ் டூ மாணவி, திண்டிவனம்

நல்ல கேள்விம்மா. இந்த விஷயத்தின் சாரமே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பானையை விட மனசு வரவில்லை. இந்தப் பொங்கலன்று வாசலில் வெண்கலப் பானை வைத்தோம். நுரை திரண்டு வாய்க்கு வந்தபோது குனிந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வெள்ளை நுரை மட்டும்தான் தெரிகிறது, உள்ளே பால் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. நுரை அடங்கிய பிறகுதான் தெரிந்தது, அடியில் பால் இன்னும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

நோவாவிலும் முதலில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அந்த நுரையிலிருந்து வருவதுதான். வீசி எறியப்பட்ட வாயு உருண்டையாக விரிந்து குள்ளனை மூடிக்கொள்ளும். நாளாக ஆக அது விரிந்து விரிந்து மெலியும், நம் பார்வை உள்ளே உள்ளே போகும். உள்ளே போகப் போகச் சூடு அதிகம். சூடு கூடினால் வெளிச்சத்தின் நிறம் மாறும் என்று படித்திருப்பாய். முதலில் கண் காணும் ஒளி, பிறகு புற ஊதா, கடைசியில் எக்ஸ்-கதிர். பல நாள் வரைக்கும் அந்தப் பொருள் மொத்தமாக வெளியே விடும் ஆற்றல் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது. நாம் பார்க்கும் நிறத்திலிருந்து அது நகர்ந்து போய்விடுகிறது. ஒளி டெலஸ்கோப்பில் பார்ப்பவர் “நோவா மங்கிவிட்டது” என்று நோட்டை மூடும்போது, எக்ஸ்-கதிர் டெலஸ்கோப்பில் அது அப்போதுதான் கண் திறக்கும்.

கண் திறந்ததும் தெரிவது, குள்ளன் மேல் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் நிதானமாக எரியும் காட்சி. சில லட்சம் டிகிரி சூடு. எக்ஸ்-கதிர்களிலேயே ஆற்றல் மிகக் குறைந்தவை இவை. ‘மிகமென் எக்ஸ்-கதிர்’ என்று தமிழில் சொல்லலாம். ஆற்றல் ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும், அதாவது ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே.

இதில் இரண்டு தேதிகள் முக்கியம். எக்ஸ்-கதிர் எரிய ஆரம்பித்த நாள் ஒன்று, அணைந்த நாள் இன்னொன்று. வெடித்த எத்தனையாவது நாளில் எரிந்தது என்பதை வைத்து எவ்வளவு வாயு எறியப்பட்டது என்று கணக்குப் போடுவார்கள். நுரை கனமாக இருந்தால் விலக நாளாகும், இல்லையா? எப்போது அணைந்தது என்பதை வைத்து எரியாமல் மிஞ்சியிருந்த எரிபொருளைக் கணிப்பார்கள். இந்த இரண்டோடு சூட்டையும் சேர்த்தால் குள்ளனின் எடை தெரியும். எடை கூடிய குள்ளனுக்கு ஈர்ப்பு அதிகம், கொஞ்சம் ஹைட்ரஜன் படிந்தாலே பற்றிக்கொள்ளும். எறிவதும் கொஞ்சம், எல்லாம் சட்டுப்புட்டென்று முடியும். எடை குறைந்தது இழுத்தடிக்கும். ஆண்ட்ரோமீடாவில் சில வாரத்தில் அணைந்த நோவாவும் உண்டு, பத்து வருடம் தாண்டி எக்ஸ்-கதிரில் எரிந்ததும் உண்டு.

தராசே இல்லாமல் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதை நிறுத்துப் பார்க்கிறார்கள், வெறும் காலண்டரை வைத்து.

நம் பால்வீதியிலேயே நோவாக்கள் வெடிக்கின்றனவாமே. வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவானேன்?
— மளிகைக் கடைக்காரர், திருநெல்வேலி

அண்ணாச்சி, உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று கடைக்குள் உட்கார்ந்துகொண்டு எண்ண முடியுமா? எதிர்வீடு மறைக்கும், மரம் மறைக்கும். மலைமேல் ஏறி நின்றால் அடுத்த ஊரின் விளக்குகளை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம்.

நாம் பால்வீதியின் தட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். தட்டு முழுக்க வாயுவும் தூசியும். மிகமென் எக்ஸ்-கதிரை அந்த வாயு சுலபமாக விழுங்கிவிடும். ஆண்ட்ரோமீடாவோ பால்வீதித் தட்டிலிருந்து விலகிய திசையில் இருக்கிறது, நடுவே திரை மெல்லிது. இன்னொன்று, அங்கே இருக்கும் எல்லா நட்சத்திரமும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். ஒன்று பளிச்சென்று தெரிந்தால் நிஜமாகவே பளிச்சென்று இருக்கிறது என்று பொருள், கிட்டே இருப்பதால் என்ற சந்தேகம் கிடையாது. சரக்கும் நிறைய. அங்கே வருடத்துக்கு 65 நோவா வாக்கில் வெடிப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் கேலக்ஸியின் நடுவீக்கத்தில். எக்ஸ்-கதிர் டெலஸ்கோப்பைத் திருப்பினால் நடுப்பகுதி ஒரே படத்தில் அடங்கிவிடும்.

இந்த வேலையை முறையாகச் செய்தவர்கள் ஜெர்மனியில் கார்ஹிங் ஊரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் வுல்ஃப்காங் பீட்ச், மார்ட்டின் ஹென்ஸே முதலியவர்கள். முதலில் பழைய எக்ஸ்-கதிர் படங்களையும் நோவா பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். ஆண்ட்ரோமீடாவின் மிகமென் எக்ஸ்-கதிர்ப் புள்ளிகளில் பெரும்பங்கு, வெடித்து ஓய்ந்த நோவாக்கள்தான் என்று 2005-இல் எழுதினார்கள். அதுவரை அவை தனி ரகம் என்ற நினைப்பே அதிகம் இருந்தது. பிறகு 2006 முதல் எக்ஸ்எம்எம்-நியூட்டன், சந்திரா ஆகிய விண்கலங்களைப் பத்து நாளுக்கு ஒருமுறை என்கிற மாதிரி அங்கே திருப்பிப் பார்த்தார்கள். மருந்துச் சீட்டு மாதிரி இருந்தாலும் காரணம் உண்டு. சில நோவாக்களின் எக்ஸ்-கதிர் ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான். மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் வந்து போனதே தெரியாது.

நான் மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுப்பவன். அதே எக்ஸ்-ரேதானா இது? நம்மைப் பாதிக்காதா?
— மதுரை

ஜாதி ஒன்றுதான் தம்பி, முரடு வேறு. உங்கள் மெஷினிலிருந்து வருவது பல பத்தாயிரம் எலக்ட்ரான் வோல்ட், எலும்பு வரை போகும். நோவாவிலிருந்து வருவது சில நூறு. அதற்குச் சில மில்லிமீட்டர் காற்றே சுவர் மாதிரி. ஈயக் கவசம் தேவையில்லை, தலைக்குமேல் நூறு கிலோமீட்டர் காற்று இருக்கிறது.

அதனால்தான் டெலஸ்கோப்பை விண்வெளிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடியும் விசித்திரம். எக்ஸ்-கதிரை நேருக்கு நேர் திருப்பி அனுப்ப எந்தக் கண்ணாடியாலும் முடியாது, உள்ளே போய்விடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி படுக்கைச் சாய்வில் பட்டால்தான் தெறிக்கும். எக்ஸ்எம்எம்-நியூட்டனில் அடியில்லாத டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல 58 கண்ணாடிக் குழல்கள், தங்கப் பூச்சோடு. அப்படி மூன்று தொகுதிகள். இவ்வளவு செய்து ஐந்தாறு மணி நேரம் பார்த்தும், ஒரு நோவாவிலிருந்து சில பத்து ஒளித்துகள் மட்டும் கிடைக்கும் நாள் உண்டு. எண்ணி எண்ணித்தான் எழுத வேண்டும்.

வருடா வருடம் வெடிக்கும் நட்சத்திரம் என்றீர்களே, அதற்குப் பெயர் இல்லையா? தீபாவளி மாதிரி தேதி உண்டா?
— இல்லத்தரசி, யாழ்ப்பாணம்

பெயர் இருக்கிறது, பிள்ளைக்கு வைக்கிற பெயராக இல்லை. எம்31என் 2008-12ஏ. எம்31 என்பது ஆண்ட்ரோமீடாவின் பட்டியல் எண், என் என்றால் நோவா. 2008-ஆம் வருடம் டிசம்பரில் முதலாவதாகக் கண்டது. கண்டவர்கள் ஜப்பானைச் சேர்ந்த கொய்ச்சி நிஷியாமா, ஃபுஜியோ கபாஷிமா என்ற இரண்டு பொழுதுபோக்கு வானியலாளர்கள். சம்பளத்துக்கு வானம் பார்ப்பவர்கள் இல்லை. இந்த வரியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அன்று அது பத்தோடு பதினொன்று. அதே இடத்தில் அடுத்தடுத்த வருடங்களிலும் வெடிப்பு வந்தபோதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழைய கோப்புகளைத் தூசி தட்டினார்கள். ஜெர்மனியின் ரோசாட் விண்கலம் 1992-லும் 1993-லும் அதே இடத்தில் எக்ஸ்-கதிர்ப் புள்ளியைப் பார்த்திருக்கிறது. சந்திரா 2001-இல் பார்த்திருக்கிறது. அப்போதெல்லாம் அது என்ன என்று யாருக்கும் தெரியாது. ரோசாட் 2011 அக்டோபரில் நம் வங்காள விரிகுடாப் பக்கம் விழுந்து முடிந்துபோனது. தான் பிடித்தது என்ன மீன் என்று தெரிவதற்குள் செம்படவன் போய்விட்டான்.

இந்த நோவா எல்லாவற்றிலும் அவசரம். வெடித்த இரண்டு நாளில் கண்காணும் ஒளி வேகமாக மங்கிவிடும். ஆறாம் நாள் வாக்கில் எக்ஸ்-கதிர் எரியும். பத்தொன்பதாம் நாள் வாக்கில் அணையும். சூடு பத்து லட்சம் டிகிரிக்கும் மேலே. திண்டிவனத்துப் பெண்ணுக்குச் சொன்ன கணக்கை இதில் போட்டுப் பாருங்கள்: எறிந்தது கொஞ்சம், எரிந்தது வேகம், சூடு அதிகம். ஆக, குள்ளன் ரொம்பக் கனம். சூரியனைப் போல 1.38 மடங்கு எடை இருக்கலாம் என்கிறார்கள்.

தேதி கேட்டீர்கள். தீபாவளியைவிட மோசமாக முன்னே பின்னே போகும். 2015-இல் ஆகஸ்ட் 28. அதற்கடுத்தது 2016-இல் செப்டம்பர் வாக்கில் வரும் என்று எல்லா டெலஸ்கோப்பும் காத்துக்கொண்டிருக்க, டிசம்பர் 12 வரை இழுத்துவிட்டது. வந்தபோதும் எக்ஸ்-கதிர் வழக்கத்தைவிட முன்கூட்டியே அணைந்தது. ஜோடி நட்சத்திரம் அந்த வருடம் ஹைட்ரஜனைக் கொஞ்சம் கை இறுக்கி ஊற்றியிருக்கும் என்பது ஒரு விளக்கம். பால்காரர் அளவு குறைத்தால் பொங்க நேரமாகும்தானே.

லட்சக்கணக்கான முறை பொங்கியதில் அடுப்பைச் சுற்றி எவ்வளவு படிந்திருக்கும்? அதையும் பார்த்துவிட்டார்கள். மாட் டார்ன்லியும் குழுவினரும் 2019-இல் வெளியிட்டது: அந்த நட்சத்திரத்தைச் சுற்றி சுமார் 440 ஒளியாண்டு அகலத்தில் ஓர் ஓடு. வெடிப்புக்கு மேல் வெடிப்பாக வெளியே தள்ளித் தள்ளிக் குவித்தது.

அப்படியானால் அது ஒருநாள் முழுசாக வெடித்தே தீருமா? எல்லாச் சூப்பர்நோவாவும் இப்படித்தான் வருகிறதா?
— பொறியாளர், கோயம்புத்தூர்

முதல் பாதிக்கு ‘இருக்கலாம்’, இரண்டாம் பாதிக்கு ‘இல்லை போலிருக்கிறது’.

வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் போட்ட கணக்கு. நம் யாழ்ப்பாணத்து வாசகி கேட்ட நட்சத்திரம் அந்த வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒவ்வொரு பொங்கலிலும் எல்லாம் வழிந்துவிடுவதில்லை, கொஞ்சம் அடியில் தங்குகிறது. இப்படியே தங்கித் தங்கிப் போனால் இன்னும் இருபதாயிரம் வருடத்துக்குள் வரம்பைத் தொடும் என்று ஒரு கணிப்பு. குள்ளன் கார்பனும் ஆக்சிஜனும் கொண்டதாக இருந்தால் சூப்பர்நோவா. ஆக்சிஜனும் நியானும் கொண்டதாக இருந்தால் வெடிக்காமல் நியூட்ரான் நட்சத்திரமாகக் குழிந்துவிடலாம்.

என்னைப் புல்லரிக்க வைப்பது வேறு. சந்திரசேகர் வரம்பை எட்டிப் பிடிக்கும் அந்த நட்சத்திரத்தை 2001-இலேயே படம் பிடித்தது சந்திரா விண்கலம், அவர் பெயர். லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இமாலயச் சந்திரா டெலஸ்கோப்பும் அதன் வெடிப்புகளைப் பார்க்கிறது, அதுவும் அவர் பெயர். அதே வெடிப்புகளை நம் ஆஸ்ட்ரோசாட் விண்கலம் புற ஊதாவிலும் எக்ஸ்-கதிரிலும் பார்த்திருக்கிறது.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மாரட் கில்ஃபானோவ், அகோஷ் பொக்தான் என்ற வானியலாளர்கள் இருவரும் 2010-இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். எல்லாக் குள்ளன்களும் ஹைட்ரஜனை வாங்கி எரித்து எரித்தே எடை கூடிச் சூப்பர்நோவாவாகின்றன என்றால், எந்த நேரமும் ஏகப்பட்டவை எரிந்துகொண்டிருக்க வேண்டும். கேலக்ஸியே மென் எக்ஸ்-கதிரில் தகதகக்க வேண்டும். சந்திராவால் ஆண்ட்ரோமீடாவின் நடுவீக்கத்தையும் சில நீள்வட்ட கேலக்ஸிகளையும் பார்த்தால், எதிர்பார்த்ததில் முப்பதில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்குதான் வெளிச்சம். அந்த மாதிரி கேலக்ஸிகளில் இந்த வழியாக வரும் சூப்பர்நோவா நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது என்றார்கள். மிச்சம், இரண்டு குள்ளன்கள் ஒன்றையொன்று சுற்றி மோதி வெடிப்பதாக இருக்கும். “குள்ளனைச் சுற்றி வாயு அடர்ந்திருந்தால் எக்ஸ்-கதிர் மறைந்துபோகுமே, எப்படி எண்ணினீர்கள்?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

இதெல்லாம் 25 லட்சம் வருடத்துக்கு முந்தைய கதைதானே?
— சேலம்

ஆமாம். தபால் அப்படி.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஆண்ட்ரோமீடாவையாவது பார்க்க முடியுமா டீச்சர்? நோவாவும் தெரியுமா?
— விவசாயி, தர்மபுரி பக்கம் ஒரு கிராமம்

கேலக்ஸி தெரியும். நோவா தெரியாது. வருடாந்திர நோவா உச்சத்தில் இருக்கும்போதும் வெறுங்கண்ணுக்குத் தெரிய அதன் வெளிச்சம் லட்சம் மடங்கு பெருக வேண்டும். ஆண்ட்ரோமீடாவில் ஒரு வெடிப்பு அந்த அளவு வெளிச்சத்தை எட்டியது 1885 ஆகஸ்டில் ஒரே ஒரு முறை, அது பானையே உடைந்த கேஸ்.

ஆண்ட்ரோமீடாவுக்கு நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. நமக்கு அப்போதுதான் அடைமழை. ஒரு கார்த்திகையில் நாற்பது பிள்ளைகளைப் பள்ளி மைதானத்தில் நிற்க வைத்துவிட்டு, ஒன்பதரை மணி வரை மேகத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் தை அமாவாசைக்கு வையுங்கள். இருட்டியதும் வடமேற்கே பாருங்கள். பூரட்டாதி இரண்டு, உத்திரட்டாதி இரண்டு, நாலு விண்மீனும் சேர்ந்து பெரிய சதுரம். பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் சட்டென்று காட்டிவிடுவார். உத்திரட்டாதியின் வடக்கு மீனிலிருந்து வரிசையாக இரண்டு மீன் எண்ணி, இரண்டாவதில் நின்று வடக்கே திரும்பி மறுபடி இரண்டு சின்ன மீன் எண்ணுங்கள். அதன் ஓரத்தில் ஒரு மங்கல்.

உங்கள் ஊரில் தெருவிளக்குக் குறைவு என்பதால் கண்ணுக்கே தெரியும். எனக்கு இங்கே பைனாகுலர் வேண்டியிருக்கிறது. நேராக முறைக்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பாருங்கள். டஸ்டர் சரியாக அழிக்காத கரும்பலகையில் சாக்பீஸ் இழுத்த தடம் மாதிரி, நீளவாக்கில் ஓர் அழுக்கு வெள்ளை தெரியும். போன தையில் அதைப் பார்த்துவிட்டு என் பேரன், “இவ்வளவுதானா பாட்டி?” என்றான். பைனாகுலரை மட்டும் அரைமணி நேரம் திருப்பித் தரவில்லை.